மூட்டைப்பூச்சி உள்ள வீட்டில் அன்றாட வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வாடகைக்கு இருந்த அடுக்குமாடி வீட்டில் ஒரு கோடைக்காலம் முழுக்க நாங்கள் மூட்டைப்பூச்சியோடு மல்லுக்கட்டினோம். அது தெரிந்த பிறகு சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும் இவை. பூச்சியை எப்படி ஒழிப்பது என்பதோடு, ஒழியும்வரை அந்த வீட்டிலேயே எப்படிச் சமைத்து, தூங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்வது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கையில் தடிப்பு தடிப்பாக இருக்கிறது. கொசுவா, மூட்டைப்பூச்சியா?

தடிப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தோல் மருத்துவராலும் உறுதியாகச் சொல்வது கடினம். சிலருக்குக் கடித்த சில நாள் கழித்துத்தான் தடிப்பு வரும், சிலருக்கு எதுவுமே வராது. ஒரே கட்டிலில் படுத்த மனைவிக்கு உடம்பெல்லாம் அரிப்பு, கணவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை என்பது சகஜம். "எனக்கு ஒன்றும் கடிக்கவில்லையே, உனக்குத்தான் ஏதோ அலர்ஜி" என்று வீட்டில் சண்டை தொடங்குவது இங்கேதான்.

அதனால் உடம்பை விட்டுவிட்டுப் படுக்கையைப் பாருங்கள். மெத்தையின் தையல் ஓரத்தில் பேனா மை தொட்டு வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அது அவற்றின் எச்சம், ஈரத் துணியால் தேய்த்தால் கரைந்து பரவும். உரித்துப்போட்ட மெல்லிய பழுப்புத் தோல்களும் கிடக்கும். கட்டில் சட்டங்கள் சேரும் மூலை, திருகு ஓட்டை, தலைமாட்டுப் பலகையின் பின்புறம், பாயின் துணி பார்டர், கயிற்றுக் கட்டிலின் முடிச்சுகள், கொசுவலையின் மேல் மடிப்பு, சுவரில் மாட்டிய காலண்டரின் பின்பக்கம், இவ்வளவையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இடுக்குக்குள் பழைய ஏடிஎம் கார்டை விட்டு இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். விடியற்காலைக்கு முன் திடீரென்று விளக்கைப் போட்டுப் பார்த்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

பார்க்க எப்படி இருக்கும்?

வளர்ந்தது ஓர் ஆப்பிள் விதை அளவு, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். இரத்தம் குடித்தபின் உப்பி நீண்டுவிடும். குஞ்சுகள் வெளிர் நிறம் என்பதால் வெள்ளை விரிப்பில் கண்ணுக்குத் தப்பிவிடும். முட்டை 1 மில்லிமீட்டர்தான், பசை போட்டதுபோல் இடுக்கில் ஒட்டியிருக்கும். பறக்காது, தாவாது, நடந்துதான் வரும்.

வீட்டைச் சுத்தமாகத்தானே வைத்திருக்கிறோம். எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் அவமானம்தான் பூச்சியைவிட அதிகக் கெடுதல் செய்கிறது என்று நினைக்கிறேன். கரப்பானுக்கும் எலிக்கும் சிந்திய சோறு வேண்டும். மூட்டைப்பூச்சிக்கு வேண்டியது ஒளிய ஓர் இடுக்கும் தூங்கும் ஓர் ஆளும் மட்டுமே. 2023ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சிப் பேச்சால் அல்லோலகல்லோலப்பட்டது. அதே ஆண்டு தென்கொரியாவிலும் பெரிய பரபரப்பு. இரவு ரயில், பேருந்து இருக்கை, லாட்ஜ், விடுதி, சினிமா தியேட்டர், யாரோ கொடுத்த பழைய சோபா, இப்படி ஏதாவது ஒன்றிலிருந்து பையில் ஏறி வந்துவிடும். முட்டையிடும் பெண் பூச்சி ஒன்றே ஒன்று வந்தாலும் போதும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகளும் பழந்துணி மூட்டைகளும் நிறைந்திருந்தால் அது ஒளிய இடம் பெருகும், நமக்கு வேலையும் பெருகும். அடைசலைக் குறைப்பது அதற்காக.

நோய் பரப்புமா?

கொசு மலேரியாவையும் டெங்குவையும் பரப்புவதுபோல் மூட்டைப்பூச்சி மனிதர்களிடையே நோய் பரப்புவதாக நிரூபணமில்லை. சொறிந்து புண்ணாகிச் சீழ் வைப்பதுதான் வழக்கமான தொல்லை. பிள்ளைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரிப்புக்குக் குளிர்ந்த நீர் ஒத்தடமும் கேலமைன் லோஷனும் பெரும்பாலும் போதும், அடங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். நெடுநாள் கவனிக்காமல் மிக மோசமாகப் பெருகிய வீடுகளில் கைக்குழந்தைக்கும் முதியவர்களுக்கும் இரத்தசோகைகூட வரலாம். படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டில் உண்டென்றால் முதல் வேலை அவருடைய கட்டிலில்தான்.

வேறு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன?

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். ஒரு அறைப் பிரச்சினை மூன்று அறைப் பிரச்சினையாவதும் இதனால்தான். நம் மூச்சில் வரும் கரியமில வாயுவையும் உடற்சூட்டையும் வைத்து அது நம்மைத் தேடி வருகிறது. ஆள் ஹாலுக்குப் போனால் போர்வையோடும் தலையணையோடும் சில கூடவே போகும், மற்றவை பசித்துத் தேடிப் புறப்படும். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பதால் அறையைப் பூட்டிவைத்துப் பட்டினி போடும் திட்டமும் பலிக்காது.

அதே கட்டிலில் படுங்கள். ஆனால் கட்டிலைத் தனித்தீவாக்குங்கள். சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளிப் போடுங்கள். விரிப்பும் கொசுவலையும் தரையைத் தொடக்கூடாது. கட்டிலுக்கடியில் ஒரு சாமானும் வேண்டாம். மெத்தையைச் சுற்றிலும் மூடும் ஜிப் வைத்த உறை கிடைக்கிறது. அதைப் போட்டால் உள்ளே இருப்பவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஓர் ஆண்டுக்காவது கழற்றாதீர்கள்.

கட்டில் கால்களைக் கிண்ணத்தில் வைப்பது நம் வீடுகளில் எறும்புக்குச் செய்யும் பழைய வழி. இதற்கும் ஓரளவு உதவும். ஆனால் நம் பக்கம் அதிகம் இருப்பது வெப்பமண்டல வகை. அதன் கால்களில் பிடிப்பு அதிகம், குளிர்நாட்டு வகை வழுக்கி விழும் வழவழப்பான கிண்ணத்திலும் இது ஏறிவிடும். அந்த நாடுகளுக்கென்று செய்து விற்கும் பொறிகளை மட்டும் நம்பி "ஒன்றும் விழவில்லை, போய்விட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெறும் தண்ணீரைத் தேங்கவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும். அந்த வினையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளக்கூடாது.

தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் துணி பார்டர் வைத்த கோரைப்பாயை இந்த மாதங்களுக்கு ஒதுக்கிவிட்டு, வழவழப்பான பிளாஸ்டிக் பாய்க்கு மாறிக்கொள்ளலாம். ஒளிய இடம் குறைவு, கழுவுவதும் சுலபம். படுக்கும் இடமும் சுவரை ஒட்டி வேண்டாம்.

மொட்டை மாடி வெயிலில் போட்டால் செத்துவிடாதா?

பொருளைப் பொறுத்தது. மூட்டைப்பூச்சிக்கு எமன் வெப்பம்தான், அதில் பாட்டி காலத்து அறிவு சரி. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு முட்டை முதல் கிழடுவரை எல்லாவற்றையும் கொல்லும். ஆனால் அந்தச் சூடு அது இருக்கும் இடம்வரை போய்ச் சேர வேண்டும். கனமான இலவம்பஞ்சு மெத்தையை அக்னி நட்சத்திர வெயிலில் போட்டாலும் மேல்துணிதான் கொதிக்கும். பூச்சி அடிப்பக்கத்துக்கோ தையலுக்குள்ளோ நகர்ந்துவிடும். சாயங்காலம் மெத்தையோடு அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கீழே வருவோம். விரிப்பு, போர்வை, துணிப்பை மாதிரி மெல்லியவற்றைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி, மே மாத உச்சி வெயிலில் சுடும் தளத்தில் பரப்பிப் போட்டால் பலன் உண்டு.

மற்றபடி வீட்டுக்குள்ளேயே செய்ய வேண்டியது இது. துவைக்கக்கூடிய பருத்தித் துணியை 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு அப்புறம் துவையுங்கள். கை பொறுக்கும் சூடு போதாது. கயிற்றுக் கட்டில், இரும்புக் கட்டில், தேக்குக் கட்டில் என்றால் வெளியே எடுத்துப்போய்க் கொதிக்கும் தண்ணீரை முடிச்சிலும் மூட்டிலும் ஊற்றுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவேண்டாம். பிளைவுட் கட்டிலில் இது கூடாது, உப்பிக்கொள்ளும். அதற்கு நீராவிக் கருவியை இடுக்கோரமாக மெதுவாக நகர்த்த வேண்டும். வேகமாக இழுத்தால் சூடு உள்ளே இறங்காது. மெத்தையின் தையல் ஓரத்துக்குச் சாதாரண இஸ்திரிப் பெட்டியே நல்ல ஆயுதம். துணி தாங்கும் சூட்டில், ஈரத் துணி ஒன்றை மேலே போட்டு, அங்குலம் அங்குலமாக அழுத்தித் தேய்த்து வாருங்கள்.

பட்டுப்புடவையையும் கம்பளியையும் வெந்நீரில் போட முடியாது. அவற்றைக் காற்றுப் புகாத கவரில் போட்டு, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள். பிள்ளையின் துணி பொம்மைக்கும் இதே வழி.

தினசரி துணி, பள்ளிக்கூடப் பை எல்லாம் எப்படிச் சமாளிப்பது?

ஒரே விதிதான்: படுக்கையறையிலிருந்து எதுவும் கட்டாமல் வெளியே போகக்கூடாது. அழுக்குத் துணியை அந்த அறையிலேயே கவரில் போட்டுக் கட்டுங்கள். கவரை வெந்நீர் வாளியில் நேராகக் கவிழ்த்துவிட்டு, கவரை முடிச்சுப் போட்டு வெளியே எறியுங்கள். துவைத்துக் காய்ந்ததை வேறு புதிய கவரிலோ இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவிலோ வையுங்கள். கொஞ்ச நாளைக்கு அலமாரியை மறந்துவிடுங்கள். சீருடையைக் காலையில் கவரிலிருந்து எடுத்து நேராகப் போட்டுவிடலாம்.

பள்ளிக்கூடப் பை, ஆபீஸ் பை, ஹெல்மெட் மூன்றும் கட்டில் மேல் ஏறக்கூடாது. வாசல் பக்கம் ஆணி அடித்து மாட்டுங்கள். புத்தகங்களின் முதுகுப்பக்கத்தை வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், வசம்பு, கற்பூரம்?

மண்ணெண்ணெய் நேராகப் பட்ட பூச்சி சாகும். ஆனால் மெத்தையில் ஊற்றுவது தீயை வீட்டுக்குள் கூப்பிட்டு வைப்பது. பக்கத்தில் ஸ்விட்ச் போர்டு, பூஜை விளக்கு, கொசுவத்தி எல்லாம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய், வசம்பு வாசனையால் சில பூச்சி இடம் மாறலாம். முட்டை அப்படியே இருக்கும். பால்கன் நாடுகளில் இரவில் பீன்ஸ் இலைகளைத் தரையில் பரப்பிவைத்து, காலையில் அதில் மாட்டிய மூட்டைப்பூச்சிகளோடு சேர்த்து எரிப்பார்களாம். இலையிலுள்ள கொக்கி போன்ற நுண்முடிகள் பூச்சியின் காலைக் குத்திப் பிடித்துவிடுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னர் கண்டறிந்தார்கள். நாட்டு வைத்தியம் எல்லாமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிடிபட்டது போக மீதி நடமாடிக்கொண்டிருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

கடையில் விற்கும் ஸ்ப்ரே?

கண்ணில் பட்டதைக் கொல்லும், கண்ணில் படாதது பிழைக்கும். கடை ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு மூட்டைப்பூச்சி உலகம் முழுக்கப் பழகிவிட்டது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்த காலத்திலேயே, 1947இல் ஹவாயின் பேர்ல் ஹார்பரில், அதற்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைப் பார்த்துவிட்டார்கள். கரப்பான் ஸ்ப்ரேயைத் தலையணையில் அடிப்பதும், அறையை மூடிப் புகைபோடுவதும் நமக்குத்தான் மூச்சுத் தொல்லை. இடுக்குக்குள் புகை போய்ச் சேராது, பூச்சி சிதறி அடுத்த அறைக்குப் போகும்.

தானியத்துக்குப் போடும் மாத்திரையை அறையில் வைத்து மூடினால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார்களே?

யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடும். அதற்கு மாற்றுமருந்தே கிடையாது. நம் நாட்டில் வீட்டு உபயோகத்துக்கு அதற்கு அனுமதியும் இல்லை. மூடிய கதவின் இடுக்கு வழியாக, சுவர்த் துளை வழியாகப் பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் அது போகும். தூக்கத்திலேயே குடும்பத்தோடு போனவர்கள் இருக்கிறார்கள். எலி மருந்தும் அப்படித்தான். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு சின்னப் பிள்ளைகளை இழந்தது ஒரு குடும்பம். ஒரு பூச்சிக்காக, ஓர் எலிக்காக இந்த விலையா?

யாராவது ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தால், வாந்தி, மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எல்லோரும் உடனே வெளியே வந்து 108ஐ அழையுங்கள். என்ன மருந்து என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி அவர்களையும் வெளியே வரச் சொல்லுங்கள்.

மருந்தடிக்கும் கம்பெனியைக் கூப்பிட்டால் என்ன கேட்க வேண்டும்?

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் ஹாலிலும் சமையலறையிலும் ஓரம் ஓரமாக அடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மெத்தையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரே தடவைதான் சார், கியாரண்டி" என்றார்கள். இரண்டாவது வாரமே விரிப்பில் புதுப் புள்ளிகள் வந்தன.

நல்ல ஆள் முதலில் டார்ச்தான் எடுப்பார். கட்டிலைக் கழற்றச் சொல்வார். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி அவருக்கு உரிமம் வேண்டும், கேட்டுப் பாருங்கள். மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை முறை வருவீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான மருந்துகள் முட்டையைக் கொல்லாது. அதனால் பொரித்த குஞ்சைப் பிடிக்க இரண்டு வாரத்துக்குள் மறுபடி வந்தே ஆக வேண்டும். ஒரே தடவை என்பவரை அனுப்பிவிடுங்கள்.

மருந்தடிக்கும் நாளில் கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர் வேறு வீட்டில் இருக்கட்டும். மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்று மோட்டாரை நிறுத்துங்கள். பாத்திரங்களைக் கவிழ்த்து மூடிவையுங்கள். அவர்கள் சொன்ன நேரம் கழித்துத் திரும்பி ஜன்னலைத் திறந்துவையுங்கள். அப்புறம் அன்றிரவே அதே கட்டிலில் படுங்கள். நீங்கள் இருந்தால்தான் மிச்சமிருப்பவை மருந்தின் மேல் நடந்து வரும். அடித்த ஓரங்களைச் சில வாரம் ஈரத் துணியால் துடைக்க வேண்டாம்.

மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். கட்டிலிலும் சுவரிலும் இருப்பவை புது மெத்தைக்கு ஏறிவிடும், பணம்தான் போகும். கிழிந்து தொங்கும் மெத்தை என்றால் போடலாம். பிளாஸ்டிக் தாளில் சுற்றி இறக்கி, குறுக்கே கிழித்து, "மூட்டைப்பூச்சி" என்று பெரிதாக எழுதி வையுங்கள். தெருவோரம் நல்ல மெத்தையாகக் கிடந்தால் தேவையுள்ள யாரோ எடுத்துப்போவார்கள். அவர்கள் வீட்டில் அத்தனை துன்பமும் புதிதாகத் தொடங்கும். போகியில் எரிப்பதும் கூடாது, ஃபோம் மெத்தையின் புகை விஷம்.

வீட்டு ஓனரிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். அடுக்குமாடியில் வயர் போகும் குழாய் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் வீடு மாறும். நாம் மட்டும் மருந்தடித்தால் இடம் மாறித் திரும்பி வரும். நீட்டி முழக்க வேண்டாம். "அக்கா, எங்க வீட்டுக் கட்டில்ல மூட்டைப்பூச்சி வந்திருக்கு. வேலை ஆரம்பிச்சிட்டோம். உங்க வீட்டுலயும் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாத்துடுங்களேன்." இவ்வளவுதான். எதிர்வீட்டு அக்காவிடம் இப்படிச் சொன்னபோது, அவர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே கூப்பிட்டு, தன் கட்டிலைக் காட்டினார். மாதக்கணக்கில் அவரும் யாரிடமும் சொல்லாமல் தவித்திருக்கிறார்.

வீட்டு வேலைக்கு வருபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்மேல் பழி போடும் தொனி துளியும் வரக்கூடாது. நம் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போய்விடக்கூடாது என்பதுதான் கவலை. அவருடைய பையைப் படுக்கையறைக்குள் கொண்டுவர வேண்டாம், படுக்கைத் துணி வேலையை நாமே செய்துகொள்ளலாம்.

விருந்தாளிகள் வரலாமா? நாங்கள் ஊருக்குப் போகலாமா?

பகலில் வந்து ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துப் போவதில் பெரிய ஆபத்தில்லை. இரவு தங்குவதைத் தள்ளிப் போடுங்கள், காரணத்தையும் சொல்லிவிடுங்கள். தவிர்க்க முடியாத கல்யாணம், சாவு என்றால் கவரில் கட்டிவைத்த துணியை மட்டும் எடுத்துப்போங்கள். பையும் புதிதாகவோ வெயிலில் காய்ந்ததாகவோ இருக்கட்டும்.

தூக்கமே வரவில்லை. ஒன்றும் இல்லாதபோதும் ஊர்வதுபோலவே இருக்கிறது.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பூச்சி போன பிறகும் சில வாரம் இப்படி இருக்கும். இரவெல்லாம் விளக்கைப் போட்டு உட்கார்ந்து தேடுவது உடம்பையும் மனதையும் கெடுக்கும். தேடுவதற்குப் பகலில் ஒரு நேரம் வைத்துக்கொண்டு, படுக்கும்போது தேடாமல் படுங்கள். வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் வெந்நீர் போடுவது, துவைப்பது, இஸ்திரி, இரவில் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது எல்லாம் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. அது நியாயமில்லை. கட்டிலைக் கழற்றிப் பூட்டுவதையும் வெந்நீர் தூக்குவதையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

வயதான மாமியார், மாமனார் "என் கட்டிலில் அதெல்லாம் இல்லை" என்று மனம் நோகலாம். "எல்லார் கட்டிலையும் பாக்கிறோம் அத்தை, உங்களோடதையும் பாத்துடலாம்" என்று சொன்னால் ஒத்துழைப்பார்கள். பிள்ளைகளிடம் "வெளியே சொல்லாதே" என்று மிரட்டாதீர்கள். தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக அந்தக் குழந்தை நினைத்துக்கொள்ளும்.

தொடர்ந்து தூக்கமில்லாமல் வேலை, சாப்பாடு எல்லாம் தடுமாறினால் மருத்துவரிடம் போங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? போய்விட்டது என்று எப்போது நம்பலாம்?

நம் ஊர்ச் சூட்டில் முட்டை 6 முதல் 10 நாளில் பொரிக்கும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்து, ஒவ்வொரு முறையும் இரத்தம் குடித்து, ஒன்றரை மாத அளவில் முட்டையிடத் தயாராகிவிடும். அதனால் ஒரு வாரம் கடி இல்லை என்பது ஒன்றையும் காட்டாது. காலண்டரில் குறித்துக்கொண்டு வாரம் ஒருமுறை எல்லா இடுக்கையும் பாருங்கள். வெள்ளை விரிப்பு போட்டால் புதுப் புள்ளி உடனே தெரியும். கடைசித் தடயத்துக்குப் பிறகு முழுசாக இரண்டு மாதம் புள்ளியோ தோலோ பூச்சியோ இல்லையென்றால் கவரிலிருக்கும் துணிகளை அலமாரிக்கு மாற்றலாம். நடுவில் ஒன்று கண்ணில் பட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

மகள் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வருகிறாள். மறுபடி வந்துவிடாதா?

வாசலிலேயே பையை வாங்கி, உள்ளே கொண்டுபோகாமல் நேராக மொட்டை மாடிக்கோ குளியலறைக்கோ எடுத்துப்போங்கள். துணி முழுவதும் வெந்நீருக்கு, வெறும் பை கறுப்புக் கவரில் வெயிலுக்கு. முதலிலேயே போனில் சொல்லிவிடுங்கள், வந்ததும் சொன்னால் பிள்ளை வாடிப்போகும். விடுதிக் கட்டிலில் புள்ளி தெரிந்தால் படம் எடுத்து வார்டனிடம் காட்டச் சொல்லுங்கள். அறைத்தோழிகளோடு சேர்ந்து போய்ச் சொன்னால் இன்னும் நல்லது. லாட்ஜில் தங்கும்போதும் பெட்டியைக் கட்டிலில் வைக்காமல் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, மெத்தை ஓரத்தையும் தலைமாட்டையும் பார்த்த பிறகு திறக்கலாம். புள்ளி இருந்தால் அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள், அதுவும் ஒட்டிய பக்கத்து அறையாக வேண்டாம்.